ஆதகூர் நாய்க்கல்

அன்புடையார் பிரிந்தவழித் துயருறுதல் உயிர்க்கு இயல்பாம். தாய் தந்தையர் மறைந்தபோதும், பெற்ற மக்கள் மறைந்தபோதும் அத்துயரைத் தாங்குதற்கு உலகியல் பல துணைகளை வகுத்து வைத்துள்ளது. ஊரார் கூடி உடனழுவர். உறவினர் உணவு கொணர்ந்து ஊட்டுவர். நீர்க்கடனும் பதினாறாம் நாட் கடனும் முறையே வந்து, அழுகின்றவரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று மீண்டும் வாழ்க்கையில் நிறுத்தும். ஆயின், பல்லாண்டு மனையில் வளர்ந்து, காலடியிற் கிடந்து, குரல் கேட்டவுடன் வால் குழைத்தோடிவந்த நாயொன்று இறந்துபடின், அதனை வளர்த்தார்க்கு இத்துணைகளுள் ஒன்றும் இல்லை. வாயிலில் வந்து துக்கங் கேட்பார் இலர். செய்தற்குரிய கடனும் இல்லை. "ஒரு நாய்க்காகவா இத்துணைக் கண்ணீர்?" என்னும் சொல்லே பெரும்பாலும் அவர் செவியில் விழுவது. ஆகவே அவர் தம் துயரோடு நாணத்தையும் சேர்த்துச் சுமப்பாராயினர்.

இவ்வேளனம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. கி. மு. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமாபுரியில் நாவன்மையாற் சிறந்து விளங்கிய கிராசசு என்பான், தான் வளர்த்த விலாங்குமீன் ஒன்று இறந்தமைக்கு அழுதான். அவனோடு ஒருங்கு பதவி வகித்த தொமீசியன் அதனைச் சுட்டிக்காட்டி எள்ளினான். அதற்குக் கிராசசு, தொமீசியன் மனைவியர் மூவரைப் புதைத்தும் ஒருதுளிக் கண்ணீர் விடவில்லையே என்று விடை கூறினான் என்ப. விடையின் கூர்மை ஒருபுறம் இருக்க, மற்றோருயிர்க்காக அழுதவனே தன்னைக் காத்துக்கொள்ள வழக்காடவேண்டிய நிலை அன்றே இருந்தமை இதனாற் புலனாகும்.

அங்ஙனம் நாணவேண்டுவதில்லை என்பதற்குத் தென்னாட்டில் அழியாச் சான்றாக நிற்பது ஆதகூர்க் கல்லாகும். கன்னட நாட்டில், மாண்டியா மாவட்டத்து மத்தூர் வட்டத்தில் உள்ளது ஆதகூர் என்னும் சிற்றூர். அங்கே கிடைத்து, இப்போது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ள கல்லொன்றில், நாயும் பன்றியும் எதிர்த்துப் பொருகின்ற உருவம் செதுக்கப்பட்டிருக்கின்றது. அதனோடு பழங்கன்னடத்தில் நீண்ட சாசனம் ஒன்றும் பொறிக்கப்பட்டுள்ளது. அதன் காலம் சக ஆண்டு 872, அஃதாவது கி. பி. 949-50.

தமிழகச் சரித்திரம் பயில்வார் இக்கல்லை வேறொரு காரணத்தால் நன்கறிவர். முதற் பராந்தக சோழனுடைய மகனாகிய இராசாதித்தன் தக்கோலப் போர்க்களத்தில் யானைமேலிருந்து பொருது வீழ்ந்த செய்தியைக் கூறும் முதன்மையான சான்றுகளுள் இஃது ஒன்று. இராட்டிரகூட மன்னன் மூன்றாங் கிருட்டிணன் சோழர்மேற் படையெடுத்து வந்தபோது, அவனுக்குத் துணையாய் நின்று இராசாதித்தனைக் கொன்றவன் கங்க மன்னனாகிய இரண்டாம் பூதுகன். அதற்குப் பரிசாகக் கிருட்டிணன் வனவாசி பன்னீராயிரம் முதலிய நாடுகளைப் பூதுகனுக்கு ஈந்தான். அப்பூதுகனுடைய படைவீரருள் ஒருவன் மணலேரன். சகர மரபினன் எனப்பட்ட இவனும் போர்முகத்திற் பேராண்மை காட்டியவன். இவனுக்குப் பூதுகன் ஆதகூர்ப் பன்னிரண்டு முதலிய ஊர்களை வழங்கினான்.

இவையனைத்தும் அரசியற் செய்திகள். ஆனால் இக்கல் நடப்பட்டது அவற்றுக்காக அன்று. மணலேரனுடைய வீரங்கண்டு மகிழ்ந்த அரசன், "வேண்டியது கேள்" என்றான். நாடு கேட்கலாம், பொன் கேட்கலாம், பட்டம் கேட்கலாம். மணலேரனோ காளி என்னும் பெயருடைய நாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர்க் கேளலை நாட்டுப் பெலத்தூருக்கு மேற்கேயுள்ள மேட்டு நிலத்தில் பெரும்பன்றி ஒன்றின்மேல் அந்நாயை ஏவினர். நாயும் பன்றியும் ஒன்றையொன்று தாக்கி ஒருங்கே மாண்டன. அதற்காகவே ஆதகூரில், சல்லேசுவரம் என்னும் சிவன் கோயிலின் முன்னே இக்கல் நாட்டப்பெற்றது. பேரரசர் வெற்றியும், பட்டத்து இளவரசன் வீழ்ச்சியும், ஒரு நாயின் சாவைக் கூறுதற்கு முன்னுரையாய் அமைந்த விந்தையை இக்கல்லிற் காண்கின்றோம்.

கல் நட்டதோடு அவர்கள் அமைந்துவிடவில்லை. பெரிய ஏரியின்கீழ் இரண்டு கண்டுக நிலம் அக்கல்லின் பூசைக்கென விடப்பட்டது. அந்நிலத்துக்குக் கேடு செய்வார், உழுகுடியாயினும் நாடாள்வாராயினும் ஊராள்வாராயினும், அந்நாய் செய்த பாவத்தைக் கொள்வர் என்று சாசனம் விதிக்கின்றது. அக்கோயிலைக் கண்காணிக்கும் கொரவன் அக்கல்லைப் பூசியாது உண்பானாயின், அவனும் அந்நாய் செய்த பாவத்தைக் கொள்வான் என்று அது முடிகின்றது. கொரவன் என்பார் கன்னட நாட்டுச் சைவத் தவத்தோர் ஆவர். ஆகவே, நாள்தோறும் ஒரு சிவனடியார் தாம் உண்ணுமுன் ஒரு நாயை நினைத்தல் வேண்டும் என்பதே இவ்வேற்பாட்டின் கருத்தாம்.

இச்சாசனத்தை ஊன்றி நோக்குவார்க்கு, துயருற்ற ஒருவன் தன் துயரை எவ்வாறு ஆற்றிக்கொண்டான் என்பது படிப்படியாக விளங்கும். முதலாவது, அவன் இறந்த நாயின் பெயரை மறைக்கவில்லை. "ஒரு வேட்டைநாய்" என்று பொதுப்படக் கூறாது, காளி என்று அரசர் பெயர்கள் நின்ற அதே கல்லில் பொறிக்கச் செய்தான். பெயர் என்பது அன்பின் முதல் அடையாளம். இறந்த உயிரின் பெயரைச் சொல்ல நாணுகின்றவரை, துயர் உள்ளேயே கிடந்து புழுங்கும். வாய்விட்டுச் சொல்லியவழி அதற்கு ஒரு வடிகால் உண்டாகும்.

இரண்டாவது, அது மாண்ட வகையையும் அவன் மறைக்கவில்லை. அரசனிடம் கேட்டுப் பெற்றதும் அவனே. பன்றியின்மேல் ஏவப்பட்டதும் அவன் வேட்டையிலே. நாய் தானே சென்று மாண்டது என்றோ, விதி கொண்டுபோயிற்று என்றோ கல் கூறாது, "ஏவியபோது" என்றே கூறுகின்றது. வளர்ப்புயிரை இழந்தார் நெஞ்சில் பெரும்பாலும் முள்ளாய்த் தைப்பது இதுவேயாம். "வாயிலைத் திறந்து விட்டேனே", "நோயை முன்னரே அறிந்திலேனே" என்று அவர் தம்மையே நொந்து கொள்வர். பேசமாட்டாத உயிர் முழுவதும் தம் கையை நம்பியிருந்தமையால் இந்நோவு மிகுகின்றது. ஆதகூர்க் கல் அப்பழியைத் துடைக்கவும் இல்லை, பெருக்கவும் இல்லை. நடந்ததை நடந்தவாறு கூறி, அதன்மேல் ஒரு கடமையை வைத்தது.

மூன்றாவது, அக்கடமையேயாம். கண்ணீர் சில நாளில் வற்றும். நிலமும் ஏரியும் பூசையும் வற்றா. மணலேரன் தன் நினைவைத் தன் நெஞ்சிலே மட்டும் சுமந்திருப்பின், அஃது அவனோடு அழிந்திருக்கும். அல்லது அவனை அழித்திருக்கும். அதனை அவன் நிலத்தில் ஊன்றினான். ஊராரிடத்தும் கோயிலிடத்தும் ஒப்புவித்தான். பிறரோடு பங்கிட்டுக் கொள்ளப்பட்ட துயரே தாங்கத்தக்கதாகின்றது.

இன்னும் ஒன்று கருதற்பாலது. "அந்நாய் செய்த பாவம்" என்னும் சொல் முதற்கண் அதனை இழிப்பதுபோலத் தோன்றும். பிற சாசனங்களில் அறம் அழிப்பார்க்குக் கங்கைக்கரையிற் குராற்பசுவைக் கொன்றார் பாவம் கூறப்படும். ஈண்டு நாயின் பாவம் கூறப்பட்டது. வேட்டையாடிக் கொன்று திரிந்த உயிர்க்கும் ஒரு வினைக்கணக்கு உண்டு. அவ்வினையும் தாங்கியே அது தன்வழிச் சென்றது என்று அவ்வூரார் கருதினர் போலும். நாயினைக் கல்லாகவோ கருவியாகவோ கருதுவார்க்கு இச்சொல் வாராது. வினையுடையது என்று கொள்ளுமிடத்தே, அஃது ஓர் உயிர் என்பதும் உடன்பட்டதாகின்றது.

நாய்க்குக் கல்லிற் பெயர் பொறித்தல் ஆதகூரில்தான் தொடங்கியது என எண்ணற்க. தமிழகத்தில் அதனினும் முந்நூறாண்டு முற்பட்ட சான்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மனுடைய 34-ஆம் ஆட்சியாண்டில் நாட்டப்பெற்ற நடுகல் ஒன்று உள்ளது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் தன் எருமைகளைக் காக்கப் பொருது மாண்டான். அவனுருவத்தின் அருகே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் தனியே எழுத்துப் பொறித்திருக்கின்றனர். தலைவன் வீழ்ந்த பின்னும் காவல் விடாத நாயினை, அவனைப் பாடிய கல் மறக்கவில்லை. மெய்யில் வேல் தைத்துக் கிடந்தபோதும் தன்னை எறிந்தவன்முன் வால் குழைக்கும் இயல்பினது நாய் என்று நாலடியார் அதன் அன்பைப் போற்றியதும் ஈண்டு நினைக்கத்தகும்.

விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், முகையூர் மேற்சேரியைச் சார்ந்த போர்ச்சேவல் ஒன்றுக்கு நாட்டிய கல் உள்ளது. இந்தளூரிலும் கீழ்ச்சேரிச் சேவல் ஒன்றுக்குக் கல் உண்டு. அச்சேவலுக்குப் பொற்கொற்றி என்று பெயர் வழங்கியதையும் அக்கல் கூறுகின்றது. சேரி முழுவதும் தன் சேவலைத் தன் வீரனாகக் கொண்டாடி, அது மாண்டபோது கூடி நின்று கல் நட்டது. துயர் ஒருவனுடையதாக நில்லாது ஊருடையதாயிற்று.

பிற நாடுகளிலும் இவ்வழக்குக் காணலாம். கி. மு. 480-இல் பாரசீகப் படைக்கு அஞ்சி ஆதென்சு நகரத்தார் தம் நகரைக் கைவிட்டுக் கலமேறியபோது, சாந்திப்பன் என்பானுடைய நாய் அவன் கலத்தின் அருகே நீந்திச் சென்று, சலாமித் தீவின் கரையை அடைந்தவுடன் உயிர் துறந்தது என்றும், அதனை அடக்கஞ்செய்த இடம் நாயின் கல்லறை என்றே பெயர் பெற்றது என்றும் புளூட்டார்க்கு எழுதியுள்ளார். உழைத்து மூத்த அடிமைகளையும் விலங்குகளையும் விற்றுவிடுக என்று கருதிய கேத்தோ என்னும் உரோமப் பெரியாரைக் கடிந்துரைத்தவரும் அவரே. தமக்காக உழைத்து மூத்த எருதினைத் தாம் விலைக்கு விடார் என்றும் அவர் கூறினார். உரோமாபுரியில் மார்கரீத்தா என்னும் வெண்ணிற வேட்டைநாய் ஈன்றபொழுது இறந்துபட, அதுவே தன் கதை கூறுவதுபோலப் பளிங்கில் எழுதி வைத்தனர். அக்கல் இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

மீண்டும் தக்கோலத்தை நோக்குவோமாக. அப்போர் ஈன்ற துயர்களுள் மற்றொன்றும் கல்லில் எழுதப்பட்டுள்ளது. சேரநாட்டிற் பிறந்து, இராசாதித்தனுக்கு உற்ற நண்பனாய் விளங்கிய வீரன் ஒருவன், தன் தலைவன் மாண்ட காலத்துப் பக்கத்தில் நின்று உடன் மாளப்பெறாமைக்கு உள்ளம் நொந்தான். வாளை எறிந்து, கங்கை நீராடி, திருவொற்றியூரை அடைந்து, நிரஞ்சன குரவரிடத்துத் தீக்கை பெற்றுச் சதுரானன பண்டிதர் என்னும் பெயருடன் அத்தலத்து மடத்தின் தலைவரானார். அவர் வரலாற்றைத் திருவொற்றியூர்க் கல்வெட்டுக் கூறுகின்றது. ஒரே போரில் ஒருபக்கத்தான் தலைவனை இழந்து அழுதான்; எதிர்ப்பக்கத்தான் அப்போரின் பரிசாகப் பெற்ற நாயை இழந்து அழுதான். ஒருவன் துயர் பெரிது, மற்றவன் துயர் சிறிது என உலகம் அளக்கும். ஆயினும் இருவரும் தம் துயரைக் கொண்டுபோய் இறக்கிவைத்த இடம் ஒன்றே. அது சிவபெருமான் திருமுன்பு. அங்கே வருகின்ற துயரை அளந்து பார்த்து ஏற்பதும் தள்ளுவதும் இல்லை.

இத்துணைச் சிறப்புடைய ஆதகூர்க் கல்லிலும் ஒரு குறை உண்டு. பன்றியும் அங்கே மாண்டது. சிற்பி அதனையும் நாய்க்கு நிகராகச் செதுக்கினான். ஆனால் அதற்குப் பெயர் இல்லை. அதற்காக அழுதாரும் இல்லை. தன் நாய்க்கு உருகிய நெஞ்சம் நாய் கடித்த பன்றிக்கு உருகவில்லை. இக்குறை மணலேரனுக்கே உரியதன்று. அன்பு பற்றாக நின்றுவிடின் எங்கும் நேர்வதேயாம். தனதென்னும் வட்டத்துக்குள் அடங்கியது பற்று; அவ்வட்டத்தைக் கடந்தது அருள்.

அக்கடந்த நிலையைத் திருவிளையாடற் புராணம் காட்டுகின்றது. பாண்டியன் வேட்டையில் ஆண்பன்றியும் பெண்பன்றியும் மாண்டபின், பாலின்றித் துடித்த பன்னிரண்டு குட்டிகளையும் நோக்கி இரங்கிய ஆலவாய் இறைவர், தாய்ப்பன்றி வடிவங்கொண்டு வந்து முலையூட்டினார் என்பது அவ்வரலாறு. வேட்டைக்காரன் கண்ணுக்குப் பன்றி இலக்கு; இறைவன் திருக்கண்ணுக்கு அது தாய்.

துயர் அருளாக விரிந்ததற்கு அரசர் வாழ்விலும் எடுத்துக்காட்டு உண்டு. மொகலாயப் பேரரசர் சகாங்கீர் வேட்டையில் பெருவேட்கையுடையவர். அவருக்கு மன்சுராசு என்று பெயரிட்டு வளர்த்த மான் ஒன்று இருந்தது. அது மாண்டவுடன், இலாகூருக்கு அண்மையில், இன்று பாக்கித்தானத்திலுள்ள சேகுபுரத்தில் அதற்குக் கல்லறை எழுப்பி, மானின் உருவத்தையே அதன்மேற் கல்லில் அமைத்தார். அத்துடன் நில்லாது, அவ்வெல்லையில் எவரும் மானை வேட்டையாடலாகாது என்றும், அவ்வூன் இந்துக்களுக்குப் பசுவின் ஊனும் முசுலீம்களுக்குப் பன்றியின் ஊனும் போல்வதாகுக என்றும் ஆணையிட்டார். 1607-இல் தம் கையாலேயே அவர் இதனைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். ஒரு மானுக்காக அழுத கண், அந்நிலத்து மான்களையெல்லாம் ஒருகணம் அம்மானாகவே கண்டது. வேட்டையை அவர் அன்றே முற்றும் விட்டிலர் எனினும், துயர் திறந்துவிட்ட வாயில் எத்தன்மையது என்பதை இவ்வாணை காட்டுகின்றது.

சைவ சித்தாந்தம் இத்துயருக்குக் கூறும் மருந்து யாது? உயிர்கள் பல, அவை அனாதி, எண்பத்துநான்கு நூறாயிரம் வகைப்பட்ட உடம்புகளில் வினைக்கேற்பப் புகுந்து வருவன. நாயின் உடம்பில் நின்ற உயிரும் அதனை வளர்த்தார் உடம்பில் நின்ற உயிரும் உடம்பால் வேறாயினும் உயிராந்தன்மையால் ஓரினமேயாம். ஆனைக்காவில் வலையிழைத்த சிலந்தியே பின்னர்க் கோச்செங்கட் சோழராய்ப் பிறந்து சிவாலயங்கள் பல எடுத்தது. நாரைக்கு வீடும், கரிக்குருவிக்கு உபதேசமும் ஈந்தவன் இறைவன். ஆதலின் "நாய்தானே" என்னும் சொல் சைவர் வாயில் வரத்தக்கதன்று. மணிவாசகப் பெருந்தகையார் தம்மையே நாயேன் என்று பலகாலும் கூறிக்கொண்டமையும் நினைக்க.

அழித்தல் என்னும் தொழிலை இறைவனுடைய சினமாகக் கொள்ளாது, பிறந்திறந்து இளைத்த உயிர்களை இளைப்பாற்றும் அருளாகவே சித்தாந்த நூல்கள் கொள்கின்றன. மூத்துத் தளர்ந்து, நடக்கமாட்டாது, உணவு கொள்ளமாட்டாது கிடந்த வளர்ப்புயிரைக் கண்டு வருந்தியோர்க்கு இக்கொள்கை வெறுஞ்சொல்லன்று. அவ்வுயிர் அழிந்துவிடவில்லை, தாம் காட்ட இயலாத இளைப்பாற்றலைத் தம்மினும் அன்புடையான் ஒருவன் காட்டினான் என்று கருதுதற்கு அஃது இடந்தருகின்றது. அது தமக்கு உரிமைப் பொருளாய் வந்ததன்று. சிலகாலம் தம்பால் அடைக்கலமாய் வைக்கப்பட்டது. அடைக்கலத்தை வைத்தவன் கேட்டபோது கண்ணீரோடு திருப்பிக் கொடுத்தல் குற்றமாகாது.

ஆகவே, வளர்ப்புயிரை இழந்து வருந்துவார் அத்துயரை நாணி மறைத்தல் வேண்டா. அதிலேயே மூழ்கிக் கிடத்தலும் வேண்டா. அதன் பெயரைச் சொல்லுக. நேர்ந்ததை நேர்ந்தவாறு ஏற்றுக் கொள்க. அது கிடந்த இடத்தில் ஒரு செடி நடுதலோ, அதன் பெயரால் வாயிலில் வரும் பசித்த உயிர்க்கு நாள்தோறும் ஒருபிடி சோறிடுதலோ, ஏதேனும் ஒரு கடமையை மேற்கொள்க. அரசரிடம் வேண்டி இரண்டு கண்டுக நிலம் விடுதல் எல்லார்க்கும் இயலாது. உண்ணுமுன் ஓருயிரை நினைத்தல் எல்லார்க்கும் இயலும்.

தக்கோலத்தில் வென்ற பேரரசு கால் நூற்றாண்டுக்குள் வீழ்ந்தது. அன்று பெற்ற நாடுகளும் ஊர்களும் பலர் கைமாறின. ஆயிரத்தெழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், அக்கல்லைக் காண்பார் படிக்கும் பெயர்களுள் காளி என்பதும் ஒன்றாய் நிற்கின்றது. எவ்வுயிரிடத்துச் செய்த அன்பும் வறிதே போவதில்லை.